சக்கரத்தை மூடச் சொன்ன டிராம் விதிகள்

லாரிகளின் பாதுகாப்பைச் சோதிப்பது என் வேலை. ஓனர்களிடம் பக்கத் தடுப்பைப் பற்றி, அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மூட லாரியின் பக்கவாட்டில் மாட்டும் தடுப்பைப் பற்றிப் பேசும்போது நான் எடுத்துக் காட்டுவது ஒரு நீராவி எஞ்சின் படத்தை. இங்கிலாந்தில் விஸ்பெக்கிலிருந்து அப்வெல் வரை சாலையோரமாகவே போன டிராம் பாதை, 1883இல் தொடங்கியது. அதில் ஓடிய எஞ்சினைப் பார்த்தால் மரப்பலகை அடித்த, ரயிலின் கார்டு பயணிக்கும் பெட்டி என்றுதான் சொல்வீர்கள், சக்கரமே கண்ணில் படாது.

1879இல் பிரிட்டனில் டிராம் பாதைகளில் இயந்திர சக்திக்குச் சட்டப்படி இடம் கொடுத்தபோது, போர்ட் ஆஃப் டிரேட் என்ற அரசுத் துறை கறாரான நிபந்தனைகளையும் போட்டது. சக்கரமும் அதை இயக்கும் தண்டுகளும் மேலிருந்து, தரைக்கு 4 அங்குலம் இருக்கும் வரை தகட்டால் மூடியிருக்க வேண்டும். வேகம் மணிக்கு 10 மைலைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தானாகவே நீராவியை நிறுத்திப் பிரேக்கைப் போட வேண்டும், அதாவது டிரைவரின் நல்ல மனசை நம்பி விடவில்லை.

புகையோ நீராவியோ வெளியே தெரியக் கூடாது என்றதுதான் எஞ்சினியர்களைப் படுத்தியது. புகை வராமலிருக்கக் கரிக்குப் பதில் கோக் என்ற சுட்ட நிலக்கரியை எரித்தார்கள், சரி. ஆனால் சாதாரண எஞ்சினில் சிலிண்டரிலிருந்து வரும் நீராவி புகைபோக்கி வழியாகச் சீறிப் போகும்போதுதான் நெருப்புக்குக் காற்று இழுக்கும். நீராவி வெளியே தெரியாமலிருக்க அதைக் குளிர வைத்துத் தண்ணீராக்கினால் நெருப்பு மந்தமாகிவிடும். லீட்ஸ் நகரத்து கிட்சன் கம்பெனி கூரை மேல் செப்புக் குழாய்களை வளைத்து வைத்துக் காற்றிலேயே குளிர வைத்தது. விகனைச் சேர்ந்த வில்லியம் வில்கின்சன் நேர்மாறாக, வெளியேறும் நீராவியை மறுபடி சூடேற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் புகைபோக்கி வழியே விட்டார். எஞ்சினுக்கு இவ்வளவு சிரமம் கொடுத்தது சாலையில் போகும் குதிரை மிரளக் கூடாது, ஆள் அடிபடக் கூடாது என்றுதான்.

நம் ஊரில் கனரக லாரிக்குப் பக்கத் தடுப்பு கட்டாயம். நான் பார்ப்பதோ எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்காக மாட்டிவிட்டு அப்புறம் கழற்றி வைத்ததை, இல்லையென்றால் வளைந்து போய்க் கட்டுக்கம்பியில் தொங்குவதை. ஸ்டெப்னி எடுக்க இடைஞ்சல் என்பார்கள். லாரி இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் உள்வாங்கி வரும், பக்கத்தில் வரும் டூவீலர்காரர் சரிந்தால் நேரே அந்த இடைவெளிக்குள்தான் போவார். லாரி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போய்த் தடுப்பைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வெல்டிங் பட்டறைக்குப் போய்விட்டு அப்புறம் லோடு ஏற்றுங்கள்.