வாள் நுனி எவ்வளவு அகலம்?

தீபாவளி வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கண் மருத்துவருக்குப் பட்டாசுக் காயம் பார்க்கிற வேலை இருக்கும். அது ஓய்வதற்குள் கந்த சஷ்டி வந்துவிடும். கோயில் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் சூரசம்ஹாரம் நடிக்கிற நாட்கள். ஆளுக்கொரு வேல், ஆளுக்கொரு வாள்.

சில வருடங்களுக்கு முன் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒன்பது வயதுப் பையனை அவன் ஆயா, அதாவது பாட்டி, கூட்டிக்கொண்டு வந்தார். ஒத்திகையில் கண்ணில் குத்துப்பட்டிருந்தது. "டாக்டரம்மா, அது மொட்டை வாள்தான். கூரே இல்லை, நானே விரலால் உரசிப் பார்த்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான். வெள்ளித்தாள் சுற்றி, முனையை மழுங்கத் தேய்த்த மரக்கோல். ஆனால் பையனின் கருவிழிக்குப் பின்னால் ரத்தம் தேங்கி, கீழே ஒரு சிவப்புக் கோடாக நின்றது.

வீட்டில் எல்லாரும் உரசிப் பார்ப்பது கூரைத்தான். நான் முதலில் பார்ப்பது நுனியின் அகலத்தை. கண் குழியின் வாய் ஏறத்தாழ 4 செ.மீ. அகலம், உயரம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. உள்ளே இருக்கும் விழியின் குறுக்களவு சுமார் 24 மி.மீ., நம் 5 ராண்ட் நாணயத்தைவிடச் சற்றே சிறியது. அகலமான பொருள் வந்து மோதினால் புருவ எலும்பும் கன்ன எலும்பும் அடியில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். கட்டைவிரல் தடிமனுள்ள கோல் அந்த எலும்புகளுக்கு நடுவே நேராக உள்ளே போய்விடும். அது மழுங்கியிருந்தாலும் விழியை அமுக்கி, உள்ளே இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கிழித்துவிடும்.

ஆகவே வீட்டில் செய்யும் வாளுக்கு நுனி 6 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், குத்தினால் மடங்கட்டும். இதற்கு நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பிடித்து மிதக்கும் நுரைக் குழல், அதாவது பூல் நூடுல், நல்ல பொருள். ரொட்டிக் கத்தியால் பெரியவர்கள் 60 செ.மீ. அளவுக்கு வெட்டிக்கொடுங்கள். நடுத் துளையில் குச்சி செருகாதீர்கள். தொங்குகிறது என்று பையன் முறையிடுவான், முறையிடட்டும். குச்சி இருந்தால் நாலு நாள் விளையாட்டில் நுரையைக் கிழித்துக்கொண்டு அது நுனியில் எட்டிப்பார்க்கும். கைப்பிடிக்குத் துணி டேப் போதும். நுனியில் மட்டும் டேப் வேண்டாம், சுற்றச் சுற்ற விறைத்துவிடும். அதற்குப் பதில் பழைய காலுறையில் பஞ்சை அடைத்து மாட்டிவிடுங்கள். கைக்காப்புக்குப் பழைய நுரைப் பாயிலிருந்து ஒரு வட்டம் வெட்டி நடுவில் துளையிட்டால் சரி. சிலுவை மாதிரி இரண்டு பக்கமும் நீட்டினால் இன்னும் இரண்டு நுனிதான் கூடும்.

அட்டைப்பெட்டியில் செய்வதாக இருந்தால் அட்டைக்குள் ஓடும் நெளிகளைக் கவனியுங்கள். நெளி நீளவாக்கில் ஓடினால் வாள் விறைப்பாக நிற்கும், குறுக்காக ஓடினால் சட்டென்று மடங்கும். பிடிப்பக்கம் நீளநெளி, கடைசி ஒரு சாண் குறுக்குநெளி என்று ஒட்டினால் நிற்கவும் நிற்கும், குத்தினால் மடங்கவும் செய்யும். நுனியை வட்டமாக வெட்டி, விளிம்பு முழுக்கத் துணி ஒட்டுங்கள். வெறும் அட்டை விளிம்பு கருவிழியைக் கீறிவிடும்.

மினுக்குத் தூளும் ஒட்டுக் கற்களும் வேண்டாம். தூள் இமைக்குள் புகுந்தால் உறுத்தும், கீறும். கல் அடிபட்டதும் தெறிக்கும். சூப்பர் குளூ பிள்ளைகள் கையில் போகவே கூடாது. இமை ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல் கிளம்பி வாருங்கள். அப்புறம், மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை வீட்டில் இருந்தால் நுரை வாளே வேண்டாம். கடித்துத் துண்டாக்கி விழுங்கப் பார்ப்பார்கள்.

கூத்துக்காரர்கள் அணியும் கிரீடமும் தோளில் மாட்டும் புஜகீர்த்தியும் கல்யாண முருங்கை மரத்தில் செய்வது வழக்கம். அவ்வளவு லேசான மரம். டர்பன் தெருக்களில் சிவப்பாகப் பூக்கும் லக்கி பீன் மரமும் அதே இனந்தான். அதைச் செதுக்கலாமா என்று ஒரு தாத்தா கேட்டார். கிரீடம் செய்யுங்கள் தாத்தா, வாள் வேண்டாம் என்றேன்.

எல்லாம் மீறிக் குத்துப்பட்டுவிட்டால் கசக்க விடாதீர்கள், அமுக்கிக் கட்டாதீர்கள். தாய்ப்பால், பன்னீர், தேன் எதையும் கண்ணில் விடாதீர்கள். ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காமல், காகிதக் கோப்பையைக் கண்மேல் படாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். கண்ணுக்குள் ரத்தம் தெரிந்தால் தலையை உயர்த்தி வைத்திருங்கள். வலிக்குப் பனாடோ, அதாவது பாராசிட்டமால், போதும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். வலி விட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. முதல் ஐந்து நாட்களுக்குள் மறுபடி ரத்தம் கசிவதுண்டு, அது முதல் தடவையைவிட மோசமாகவும் இருக்கலாம்.

அந்தப் பையனுக்குத் தேங்கிய ரத்தம் வடிந்து பார்வை திரும்பியது. ஆனால் இப்படி அடிபட்ட கண்ணில் பல வருடம் கழித்தும் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் நரம்பு கெடலாம். அதனால் வருடம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறேன். தேதி மறக்காமல் இருக்க, அவன் ஆயா கந்த சஷ்டிக்கு முந்தின வாரம் என்று குறித்துக்கொண்டார்.