கோப்பையை யார் கணக்கில் எழுதுவது?

வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாளான ஏப்ரல் 15க்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. மேசை முழுக்கப் பழுப்பு உறைகள். நியூ ஜெர்சியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வரிக் கணக்குப் பார்க்கிறேன். இந்த வாரத்தில் யாராவது வணக்கம் சொன்னால்கூட எனக்கு எரிச்சல்தான் வரும். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் சம்பளச் சான்றோடு இன்னொரு தாளையும் நீட்டினார். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளராக இருந்த ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னரை, கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் புகழரங்கத்தில் சேர்க்கக் கோரும் மனு.

"ஏழு கோப்பை வென்றவர் சார். அவருக்கே இடமில்லை என்றால் வேறு யாருக்கு? ஒரு கையெழுத்துப் போடுங்கள்."

இந்த வரிப் பருவத்தில் இதே பேச்சைக் கேட்பது நான்காவது முறை. முதல் மூன்று பேரிடமும் சிரித்துச் சமாளித்தேன். இவர் யாங்கீஸ் தொப்பியோடு வந்திருந்தார், பக்கத்தில் பள்ளிக்கூடம் படிக்கும் மகன் வேறு. அவனும் இதை நம்பிக்கொண்டு வளரப்போகிறானே என்றுதான் ஓர் உறையைத் திருப்பிப்போட்டு நடுவில் கோடு கிழித்தேன். இடப்பக்கம் ஆண்டு. வலப்பக்கம், அந்த ஆண்டில் முடிவெடுத்தது யார்.

கோப்பை வாங்கியது அணி. அதை உரிமையாளரின் சொந்தக் கணக்கில் வரவு வைப்பது எங்கள் தொழிலில் முதல் பாடத்திலேயே தடுக்கப்படும் தவறு. நிறுவனத்தின் வரவு வேறு, முதலாளியின் வரவு வேறு. மளிகைக் கடைக் கணக்கில் இதைச் சரியாகப் பிரிக்கிறவர்கள்கூட விளையாட்டு என்று வந்தால் பேரேட்டைத் தூர வைத்துவிடுகிறார்கள்.

சரி, பிரித்தே பார்ப்போம். ஸ்டைன்பிரென்னர் தலைமையில் ஒரு குழு 1973இல் அணியை வாங்கியது. அடுத்த ஆண்டே, அதிபர் நிக்சனின் தேர்தல் நிதிக்குச் சட்டத்துக்குப் புறம்பாகப் பணம் கொடுத்த வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1974 நவம்பரில் பேஸ்பால் ஆணையர் போவி கூன் அவரை இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கி வைத்தார். பின்னர் அது 15 மாதங்களாகக் குறைந்தது. கேட்ஃபிஷ் ஹண்டர் என்ற மாபெரும் பந்துவீச்சாளர் யாங்கீஸுடன் ஒப்பந்தம் செய்தது 1974 டிசம்பர் 31 அன்று. அதாவது ஆவணப்படி உரிமையாளருக்கு அணியின் முடிவுகளில் பங்கே இல்லாத நாளில். திரைமறைவில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், நான் பார்ப்பது ஆவணம்.

1977, 1978 கோப்பைகளை அவருக்குத் தாராளமாகக் கொடுக்கிறேன். ரெஜி ஜாக்சன் என்ற அதிரடி மட்டையாளரை விடாப்பிடியாகத் துரத்திக் கொண்டுவந்தவர் அவர்தான். அதற்குப் பிறகு 1996 வரை ஒரு கோப்பையும் இல்லை. அந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் மட்டும் எல்லோரும் மேலாளர்களை, அதாவது களத்தில் அணியை நடத்தும் பயிற்சியாளர்களைக் காட்டுகிறார்கள். மேலாளர்களை எங்கே காட்டுவது? வந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். பில்லி மார்ட்டின் ஒருவரே ஐந்து முறை வந்து ஐந்து முறை போனார். யோகி பெரா என்ற இன்னொரு மேலாளரை ஸ்டைன்பிரென்னர் 1985இல் பதினாறே ஆட்டங்களில், அதுவும் வேறொருவர் வாயால் சொல்லியனுப்பி நீக்கினார். பெரா அதன்பின் 14 ஆண்டுகள் அந்த மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வெற்றி என்றால் முதலாளி, தோல்வி என்றால் கூலிக்காரன். இப்படி ஒரு பேரேடு எழுதிக்கொண்டு வந்தால் நான் கையொப்பமிட மாட்டேன்.

இனி வருவதுதான் அந்தச் சிறுவனை நிமிர்ந்து உட்கார வைத்தது. தன் அணியிலேயே ஆடிய டேவ் வின்ஃபீல்டைப் பற்றி அவதூறு திரட்டித் தரச் சொல்லி ஒரு சூதாட்டக்காரருக்கு 40,000 டாலர் கொடுத்ததற்காக, ஸ்டைன்பிரென்னர் 1990 ஜூலையில் மறுபடியும் ஒதுக்கப்பட்டார். திரும்பி வந்தது 1993 மார்ச்சில். இந்த இடைவெளியில் பொது மேலாளர் ஜீன் மைக்கேல் கையில் அணி இருந்தது. பெர்னி வில்லியம்ஸ் என்ற இளம் ஆட்டக்காரரை விற்காமல் வளர்த்தார்கள். டெரெக் ஜீட்டரை 1992இல் தேர்ந்தெடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பால் ஓ'நீல் வந்தார். 1996, 1998, 1999, 2000 கோப்பைகளின் அடித்தளம் இந்தக் காலத்தில் போடப்பட்டது.

"அப்படியென்றால் அவர் இல்லாததால்தான் ஜெயித்தார்களா, அங்கிள்?" என்றான் பையன். அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. வளர்ந்தவர்களைக் கைவிடாமல் சம்பளம் கொடுத்துத் தக்கவைத்ததும் அவர் பணம்தான். ஏழாவது கோப்பை 2009இல் வந்தபோது கட்டுப்பாடு ஏற்கெனவே மகன் ஹால் கைக்குப் போயிருந்தது. உறையின் வலப்பக்கத்தில் ஏழுக்கு ஏழு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"பணத்தை அள்ளி இறைத்தாரே" என்பது அடுத்த வாதம். ஐயா, இறைத்தது விதை. 1973இல் சுமார் 88 லட்சம் டாலருக்கு வாங்கிய அணியை 2010இல் ஃபோர்ப்ஸ் இதழ் 160 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. இடையில் தேய்மானச் சலுகை வேறு. இதை வரிக்காரன் என்ற முறையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அமெரிக்காவில் அணி வாங்குகிறவர் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களை, லாரிக்கும் லேத் எந்திரத்துக்கும் எழுதுவதுபோல, ஆண்டுதோறும் தேய்மானம் எழுதிக் கழித்துக்கொள்ளலாம். இந்த வழியைத் திறந்துவிட்டவர் பில் வீக் என்ற இன்னொரு அணி உரிமையாளர். அவர் 1991 முதல் புகழரங்கத்தில் இருக்கிறார், வேறு நல்ல காரணங்களுக்காக. ஸ்டைன்பிரென்னர் காலமானது 2010 ஜூலையில். அந்த ஓர் ஆண்டு மட்டும் கூட்டாட்சி அரசின் வாரிசுச் சொத்து வரி நடைமுறையில் இல்லை. அன்று என் சக கணக்காளர்கள் துக்கம் விசாரித்த விதமே தனி.

சரி, கோப்பைதான் அளவுகோல் இல்லையா என்றால், புகழரங்கமே இல்லை என்கிறது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் உரிமையாளர் டாம் யாக்கி 1933 முதல் 1976இல் இறக்கும்வரை அணியை வைத்திருந்தார். ஒரு கோப்பைகூட இல்லை. வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த முதன்மை லீக்கில் ஜாக்கி ராபின்சன் 1947இல் கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறந்த பிறகு, கறுப்பின ஆட்டக்காரரைக் களமிறக்கிய கடைசி அணி அவருடையதுதான், 1959இல். ஆனாலும் 1980இல் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். பின்னாளில் மைதானத்துக்கு வெளியே இருந்த தெருவிலிருந்து அவர் பெயரை 2018இல் எடுத்தார்கள். அரங்கத்துப் பலகை அப்படியே இருக்கிறது. அங்கே ஏறியதை இறக்குவதில்லை. அதனால்தான் அவசரப்பட்டு ஏற்றாதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

உரிமையாளர் ஒருவர் எப்போது தகுதி பெறுகிறார்? என் ஊர்ப்பக்கத்திலேயே பதில் இருக்கிறது. எஃபா மேன்லி, நியூவர்க் ஈகிள்ஸ் அணியைக் கணவர் ஏப் மேன்லியோடு சேர்ந்து நடத்தியவர். கறுப்பினத்தவர் லீக்கில் 1946இல் கோப்பை வென்ற அணி அது. ஆடிய மைதானம் வாடகை இடம், அதன் சொந்தக்காரர்கள் யாங்கீஸ். டான் நியூகோம் என்ற பந்துவீச்சாளரை புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி ஒரு காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டார். கறுப்பின அணிகளின் ஒப்பந்தத்தை ஒப்பந்தமாகவே மதிக்காத காலம். மேன்லி விடவில்லை. லாரி டோபி என்ற ஆட்டக்காரருக்காக பில் வீக்கிடம் 15,000 டாலர் வாங்கினார். மான்ட்டி இர்வினை ரிக்கி இலவசமாகக் கேட்டபோது மறித்தார். கடைசியில் நியூயார்க் ஜயண்ட்ஸ் 5,000 டாலர் கொடுத்து வாங்கியது. இன்றைய கணக்கில் அது சில்லறைதான். ஆனால் வெள்ளைக்கார முதலாளிகளின் ஏட்டில் கறுப்பின அணியின் ஒப்பந்தம் 'சொத்து' என்ற தலைப்புக்குக் கீழே வந்ததே, அதற்கு விலை போட முடியாது. அவர் பெட்டியில் போட்டுக்கொண்டதைவிடப் பல மடங்கு விளையாட்டுக்குக் கிடைத்தது. 2006இல் சேர்க்கப்பட்டார், அந்த அரங்கத்தின் முதல் பெண்.

விளையாட்டுக்கு என்ன கிடைத்தது என்ற இதே கேள்வியை ஸ்டைன்பிரென்னர் விஷயத்திலும் கேளுங்கள். உள்ளூர்த் தொலைக்காட்சி உரிமைக்கு எவ்வளவு பணம் கேட்கலாம் என்று 1988இல் மற்ற அணிகளுக்குக் காட்டினார், ஏறக்குறைய 50 கோடி டாலர், 12 ஆண்டுகளுக்கு. அதைக் கணக்கில் சேர்க்கிறேன். ஆனால் அந்த வழியில் நடக்கப் பெருநகர அணிகளுக்கு மட்டுமே கால் இருந்தது. நான்கு முறை அவர் பெயர் புகழரங்கத் தேர்வுக் குழுவின் முன் வந்தது. 16 பேரில் 12 பேர் ஒப்ப வேண்டும். நான்கு முறையும் பக்கத்தில்கூட வரவில்லை. சதி என்கிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பதினாறு பேரில் கணக்குப் படித்தவர்கள் இருந்திருக்கலாம் என்று படுகிறது.

மனுவில் கையெழுத்துப் போடுவது உங்கள் விருப்பம். ஆனால் "அவர் வென்ற" என்று தொடங்கும் வாக்கியம் இருந்தால் பேனாவை மூடுங்கள். அந்த ஆண்டில் அவர் பதவியில் இருந்தாரா, தடையில் இருந்தாரா என்று பாருங்கள், ஐந்து நிமிட வேலை. நன்கொடைப் பட்டியலைக் காட்டினால், நல்ல மனிதர் என்று மனதார வாழ்த்துங்கள், அது வேறு அரங்கம். முக்கியமாக, உங்கள் ஊரில் புது மைதானத்துக்கு வரிப்பணம் கேட்டு வரும்போது இதே கோப்பைப் புகழ்ச்சியைத்தான் முன்னால் அனுப்புவார்கள். அப்போதாவது பேரேட்டைக் கேளுங்கள், தயவுசெய்து.

பையன் அந்த உறையை எனக்கே தாருங்கள் என்று வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அப்பா கையெழுத்தில்லாத மனுவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக் கடன் வட்டிச் சான்றை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு முறை அழைத்துவிட்டேன், எடுக்கவில்லை.