கோடைத் தொடக்கத்தில் டிரவுட் ஆறு: தூண்டிலுக்கு முன் தெர்மாமீட்டர்

பனி உருகி வந்த வெள்ளம் வடிந்து, ஆறு கலங்கல் நீங்கிப் பச்சையாகத் தெளியும் நாட்கள்தான் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைத் தேடும் ஃபிளை ஃபிஷிங்குக்கு, அதாவது பூச்சி போலக் கட்டிய கொக்கியை (ஃபிளை) வீசி மீன் பிடிப்பதற்கு, மிக நல்ல நாட்கள். பூச்சிகள் கூட்டங்கூட்டமாக மேலெழும்பும். மீனும் நல்ல பசியில் இருக்கும். ஆனால் தண்ணீர் சூடேறத் தொடங்குவதும் இதே வாரங்களில்தான். பிடித்துத் திரும்ப ஆற்றில் விட்ட மீன் நன்றாகத்தானே நீந்திப் போனது என்று நாம் நினைப்போம். சில மணி நேரம் கழித்து அது செத்துக் கிடக்கலாம்.

15 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 20 டிகிரியில் அது 9 ஆகிவிடும்; 25 டிகிரியில் 8-ஐச் சற்றே தாண்டும். குறைவது கொஞ்சம்தான். ஆனால் தண்ணீரோடு சேர்ந்து மீனின் உடலும் சூடாகிறது, ஆக்சிஜன் தேவை ஏறுகிறது. வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது. தூண்டிலில் சிக்கிப் போராடிக் களைத்த மீனுக்கு அந்தக் கடனை அடைக்க வழியில்லாமல் போகிறது.

12 முதல் 16 டிகிரி வரை டிரவுட் நன்றாக இரை எடுக்கும். 18-ஐத் தொட்டால் அடிக்கடி அளந்து பாருங்கள். 20 வந்ததும் நிறுத்திவிடுங்கள், மீன் கடித்துக்கொண்டே இருந்தாலும். கரையோரத்து ஆழமில்லாத நீர் கூடுதல் சூட்டைக் காட்டும். அதனால் முழங்கால் ஆழத்தில், ஓடும் நீரில், நிழல் பக்கமாகத் தெர்மாமீட்டரை 2 நிமிடம் அமிழ்த்தி, நீரை விட்டு எடுக்காமலே படியுங்கள்.

வெயில் தாழ்ந்தால் தண்ணீரும் குளிர்ந்துவிடும் என்று பலர் மாலையில்தான் இறங்குகிறார்கள். இது தவறான கணக்கு. ஆறு பிற்பகலின் பின்பகுதியில்தான் உச்ச சூட்டை எட்டுகிறது, அது இறங்க வெகுநேரம் பிடிக்கும். மிகக் குளிர்ந்த நேரம் சூரிய உதயத்தை ஒட்டியது. வெக்கையான நாளில் விடியலில் தொடங்கி முற்பகலிலேயே முடித்துக்கொள்வதே சரி. அணையின் அடிமட்டத்திலிருந்து நீர் திறக்கப்படும் ஆறுகளில், அணைக்குக் கீழே சில தூரம் வரை இந்தக் கவலை குறைவு.

வெள்ளம் முழுதாக வடியாதபோது மீன்கள் கரையோரங்களிலும் பாறைகளுக்குப் பின்னால் ஓட்டம் தணிந்த இடங்களிலும் ஒதுங்கியிருக்கும். நீர் இறங்க இறங்க, வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசும் கோட்டுக்கு நகரும். சூடு கூடினால் நுரைத்து ஓடும் பகுதிக்கோ, குளிர்ந்த ஓடை வந்து கலக்கும் முகத்துவாரத்துக்கோ போய்விடும். அந்த முகத்துவாரத்தில் நெருக்கியடித்து நிற்கும் மீன்கள் உயிர் பிழைக்க வந்தவை. தயவுசெய்து அங்கே தூண்டில் வீசாதீர்கள்.

நீர் தெளிந்ததும் மீன் உஷாராகிவிடும். உடனே பலரும் 6எக்ஸ் டிப்பெட்டுக்கு (ஃபிளையைக் கட்டும் நுனி நூல்; எக்ஸ் எண் கூடக் கூட மெலியும்) இறங்குகிறார்கள். மெல்லிய நூல் அறுந்துவிடுமோ என்ற பயத்தில் மீனை வெகுநேரம் விளையாட விடுகிறார்கள். அதுவே அதைக் கொல்கிறது. 14, 16 எண் அளவுள்ள சிறிய ஃபிளைகளுக்கு 5எக்ஸ் போதும், அதன் தடிமன் சுமார் 0.15 மில்லிமீட்டர். நூலை மெலிதாக்குவதைவிட லீடரை (தடித்த லைனோடு ஃபிளையை இணைக்கும், நுனி நோக்கி மெலியும் நூல்) 9 அடியிலிருந்து 12 அடியாக நீட்டுவது நல்லது. மீன் மறுப்பதற்குப் பெரும்பாலும் நூலின் தடிமன் காரணமல்ல. ஓட்டத்தின் வேகத்துக்கு ஒத்துப்போகாமல் ஃபிளை இழுபடுவதுதான். லைன் நீரில் விழுந்ததும் அதை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் தூக்கிப் போடுங்கள்.

மூக்கு வெளியே தெரியாமல், முதுகும் வால் நுனியும் மட்டும் மெல்லப் புரண்டு மறைந்தால், மீன் மேற்பரப்பில் மிதக்கும் பூச்சியைத் தின்னவில்லை. மேலேறி வந்து, தோலுரித்து வெளிவரத் தவிக்கும் பூச்சியை நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே பிடிக்கிறது. அப்போது உயர மிதக்கும் டிரை ஃபிளையை எத்தனை முறை வீசினாலும் வீண்தான். உடல் நீருக்குள் தொங்கும் ஃபிளையைக் கட்டுங்கள்.

கொக்கி நுனியருகே உள்ள எதிர்முள்ளை இடுக்கியால் முன்கூட்டியே நசுக்கிவிடுங்கள். மீன் சிக்கியதும் ராடை (தூண்டில் கோலை) நெட்டுக்குத்தாகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்தி இழுத்தால் அது சீக்கிரம் அடங்கும். ரப்பர் வலையை நீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நனைந்த கையால் கொக்கியைக் கழற்றுங்கள். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பான மேற்பூச்சை உரித்துவிடும், பூஞ்சை பிடிக்க அதுவே வாசல். விடும்போது மீனை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். பின்னோக்கி ஆட்டுவதால் செவுளுக்குப் பயனில்லை. மிதமான ஓட்டத்தை எதிர்நோக்கித் தாங்கிப் பிடித்திருங்கள், தானாக உதறிக்கொண்டு போகும்வரை.

ரெயின்போ டிரவுட் வசந்தத்தில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் இன்னும் சரளைக்குள் இருக்கலாம் என்பதால், சுற்றியுள்ள அடித்தளத்தைவிட வெளிறித் துப்புரவாகத் தெரியும் நீள்வட்டச் சரளைத் திட்டுகளில் கால் வைக்காதீர்கள்.

இன்னோர் ஆற்றுக்குப் போகுமுன் பூட்ஸின் சேற்றைத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவையுங்கள். ஃபெல்ட் (அமுக்கிய கம்பளி போன்ற துணி) அடிப்பாகம் எளிதில் காயாது. நோய்க்கிருமியும் பாசியும் அதில்தான் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். ரப்பர் அடிப்பாகமுள்ள பூட்ஸ் வாங்குவதே மேல்.