ஜிமேட்டுக்கு எட்டு வாரம்தான் இருக்கிறதா? தினசரி மாக்கை முதலில் நிறுத்துங்கள்

போன வாரம், எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வுக்குப் படிக்கும் ஒரு மாணவி தன் படிப்பு அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினார். எக்செல் தாளில், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நிறம். காலை 5 முதல் 7 வரை குவான்ட் (கணிதம்), வேலை முடிந்து வந்து இரவு 9 முதல் 11 வரை வெர்பல் (ஆங்கில வாசிப்பும் தர்க்கமும்), ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழு மாக், அதாவது மாதிரித் தேர்வு. அதை ஒரு நாள்கூடத் தவறவிடாமல் கடைப்பிடித்திருந்தார். 24 நாளில் 12 மாக். மதிப்பெண்கள், 805-க்கு, 555, 575, 545, 565, திரும்பவும் 555 என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. தேர்வுக்கு இன்னும் 19 நாள்.

"சார், இன்னும் எத்தனை மாக் எழுதினா 645 வரும்?" என்று கேட்டார்.

அந்த 12 மாக்கில் தவறிய கேள்விகளை எங்கே குறித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். குறிக்கவில்லை. விடை விளக்கமாவது படித்தீர்களா என்றால், "பார்த்தேன் சார், பார்த்ததும் புரிஞ்சிடுச்சு" என்றார்.

இந்த ஆண்டு இதே கதையோடு என்னிடம் வந்தவர்களில் இவர் ஏழாவது ஆள். எல்லோருமே கடுமையாக உழைப்பவர்கள், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படிப்பவர்கள். அந்த உழைப்பு இப்படி வீணாவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜிமேட் மாக்கில் 64 கேள்விகள்: குவான்டில் 21, வெர்பலில் 23, தரவுகளை அலசும் டேட்டா இன்சைட்ஸில் 20. 12 மாக் என்றால் 768 கேள்விகள். மூன்றில் ஒன்று தவறு என்று வைத்துக்கொண்டாலும் 256. உங்களுக்கு எது வரவில்லை என்று 256 முறை உங்களிடமே எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த மாக்கைத் திறந்திருக்கிறீர்கள். நட்ட நாற்றை நாள்தோறும் பிடுங்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது போன்ற வேலை இது. மாக் எழுதும் 2 மணி 15 நிமிடத்தில் நீங்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஏற்கெனவே தெரிந்ததை வேகமாகச் செய்கிறீர்கள், தெரியாததை வேகமாகத் தப்பாகச் செய்கிறீர்கள். கற்பது எல்லாம் அடுத்த நாள், அந்தத் தவறுகளோடு உட்காரும்போதுதான் நடக்கிறது. அந்த அடுத்த நாளுக்கு அட்டவணையில் இடமே இல்லையென்றால், மாக் எழுதியும் எழுதாத மாதிரிதான்.

'பார்த்ததும் புரிந்துவிட்டது' என்று சொல்கிறார்களே, அதை நான் நம்புவதில்லை. விளக்கத்தை எழுதியவர் தெளிவாக எழுதியிருக்கிறார், அதனால் அது புரிகிறது, அவ்வளவுதான். விளக்கத்தை மூடிவிட்டு வெற்றுத் தாளில் அதே கணக்கை முதல் வரியிலிருந்து போடுங்கள். பாதிப் பேர் இரண்டாவது வரியில் நின்றுவிடுவார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பப் போடுங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு முறை. மூன்று முறையும் தானாக வந்தால் அப்போது சொல்லுங்கள் புரிந்துவிட்டது என்று.

தவறுகளைக் குறிக்க ஒரு நோட்டு போதும். அதில் எழுதக் கூடாத ஒரு சொல் உண்டு: 'கவனக்குறைவு'. என் மாணவர்களின் நோட்டில் அந்தச் சொல்லைக் கண்டால் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

டேட்டா சஃபிஷியன்சி கேள்வி ஒன்று, அதாவது கொடுத்த கூற்றுகள் விடை காணப் போதுமா என்று மட்டும் கேட்கும் வகை. ஓர் எண் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் கூற்று: அதன் வர்க்கம் 9. இரண்டாவது கூற்று: அது 5-ஐ விடச் சிறியது. அவசரத்தில் பார்ப்பவருக்கு வர்க்கம் 9 என்றதும் 3 என்று தோன்றிவிடும், முதல் கூற்றே போதும் என்று அழுத்திவிடுவார். ஆனால் குறை 3-க்கும் வர்க்கம் 9தான். அது 5-ஐ விடச் சிறியதும்கூட. ஆக இரண்டு கூற்றையும் சேர்த்தாலும் போதாது, அதுதான் விடை. இதற்கு நேரே 'கவனக்குறைவு' என்று எழுதினால் அடுத்த முறை நீங்கள் எதை மாற்றிச் செய்வீர்கள்? 'கவனமாக இருக்க வேண்டும்' என்பதைத் தேர்வு அறையில் ஒரு செயலாகச் செய்ய முடியாது. அதற்குப் பதில் 'வர்க்கம் வந்தால் குறை எண்ணையும் போட்டுப் பார்' என்று எழுதுங்கள். இதைக் கையால் செய்ய முடியும். இப்படி இருபது வரி சேர்ந்தால், கடைசி வாரம் அதைப் படித்தாலே போதும்.

ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். அந்தப் பாடமே தெரியாதா, தெரிந்தும் கேள்வியைத் தப்பாகப் படித்தீர்களா, தெரிந்தும் நேரம் போதவில்லையா? நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் குறிப்பதே இல்லை: ஊகத்தில் சரியாகப் போனவை. குத்துமதிப்பாக அழுத்தினேன், சரியாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன் என்பார்கள். அதுவும் தெரியாத கேள்விதானே? மாக் எழுதும்போதே சந்தேகமான கேள்வி எண்களைத் தாளில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிற்பாடு நினைவிலிருந்து எடுக்கலாம் என்று நினைத்தால் வராது.

ஒரு முழு மாக்கை இப்படி அலசக் குறைந்தது நான்கு மணி நேரம் ஆகும். வேலைக்குப் போகிறவர்கள் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் எழுதவே கூடாது என்று நான் சொல்வது அதனால்தான். இன்னொன்று. தேர்வை நடத்துகிறவர்களே தரும் அதிகாரப்பூர்வ மாக்குகள் மொத்தம் ஆறு, அதில் முதல் இரண்டு இலவசம். அவற்றின் மதிப்பெண்ணைத்தான் நான் நம்புவேன். அந்த ஆறையும் முதல் இரண்டு வாரத்தில் தீர்த்துவிட்டு, பிறகு அதையே திரும்ப எழுதி, பார்த்த கேள்விகள் வந்ததால் ஏறிய மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேர்வு நாளில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

சரி, எட்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது?

தொடங்க வேண்டிய இடம் கடைசித் தேதி. நீங்கள் சேர விரும்பும் பிசினஸ் பள்ளியின் விண்ணப்பக் கடைசி நாளைப் பாருங்கள். பெரும்பாலான பள்ளிகளில் முதல் சுற்று செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ முடியும், இரண்டாம் சுற்று ஜனவரியில். ஒரு முறை எழுதிய பிறகு அடுத்த முயற்சிக்கு 16 நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே கடைசி நாளிலிருந்து மூன்று வாரமாவது பின்னால் தள்ளி முதல் தேர்வை வையுங்கள். ஒரே முயற்சிதான் என்ற நிலையில் உட்காருகிறவர்களின் கை நடுங்குவதை நான் அறிவேன்.

முதல் நாள், எதையும் படிக்காமல் ஓர் இலவச மாக்கை எழுதுங்கள். மதிப்பெண் குறைவாக வரும், வரட்டும். அது இல்லாமல் போடும் எந்த அட்டவணையும் வேறு யாருக்கோ போட்டது. எட்டு வாரத்தையும் மூன்று பாடத்துக்குச் சமமாகப் பிரிப்பவர்கள் செய்யும் தவறு இதுதான். வெர்பல் ஏற்கெனவே நன்றாக வருகிறவருக்கு அதில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும்.

முதல் மூன்று வாரம் அடிப்படை. கடிகாரம் வேண்டாம். எண்ணியல், விகிதம், சதவீதம், சமன்பாடு, வாதங்களை அலசும் க்ரிட்டிக்கல் ரீசனிங்கில் முடிவையும் அனுமானத்தையும் பிரித்துப் பார்ப்பது, இவற்றை நிதானமாகச் செய்யுங்கள். நான்காவது வாரத்திலிருந்து பத்துக் கேள்விக் கொத்துகளை நேரம் வைத்துப் போடலாம். நான்காவது வாரக் கடைசியில் இரண்டாவது மாக். ஐந்திலிருந்து ஏழு வரை வாரத்துக்கு ஒன்று, மறுநாள் அலசல், மீதி நாட்களில் அந்த அலசலில் வெளிவந்த ஓட்டைகள் மட்டும். வார நாட்களில் நான்கில் தலா இரண்டு மணி நேரம், இரண்டு விடுமுறை நாளிலும் தலா நான்கு என்றால் வாரத்துக்கு 16 மணி நேரம் வரும். வேலையும் வீடும் இருப்பவர்களுக்கு அது போதும். தினம் ஆறு மணி நேரம் என்று எழுதிவைத்து நான்காம் நாள் சோர்ந்து போக வேண்டாம். வாரத்தில் ஒரு நாளைக் காலியாகவே விடுங்கள், எப்படியும் ஏதாவது ஒரு நாள் தவறும். அதை ஈடுகட்ட அந்த நாள் வேண்டும்.

எதைப் படிக்காமல் விடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் போகும் நேரம் கொஞ்சநஞ்சம் அல்ல. தேர்வின் இப்போதைய வடிவம் 2023 நவம்பரில் வந்தது, பழைய வடிவம் 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது. வாக்கியத் திருத்தம் கிடையாது. கட்டுரை கிடையாது. குவான்டில் ஜியோமெட்ரி கிடையாது. இருந்தும் நண்பர் கொடுத்த பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் வாக்கியத் திருத்தம் படித்துவிட்டு வந்த ஒருவரை இரண்டு மாதம் முன்பு சந்தித்தேன். அவரிடம் மொத்தமே ஏழு வாரம்தான் இருந்தது. தயவுசெய்து புத்தகத்தின் பதிப்பு ஆண்டைப் பாருங்கள்.

அதே பழைய கணக்கில் மதிப்பெண்ணையும் ஒப்பிடாதீர்கள். இப்போது அளவுகோல் 205-இலிருந்து 805 வரை. பழைய தேர்வின் 700 எங்கே இருந்ததோ அந்த இடத்தில் இப்போது 645 இருக்கிறது. 'அண்ணன் 700 எடுத்தார், எனக்கு 645தான் வந்தது' என்று அழுத பிள்ளைக்கு, நீ அண்ணனுக்குச் சமமாகத்தான் எடுத்திருக்கிறாய் என்று நான் விளக்க வேண்டியிருந்தது.

பொறியியல் படித்தவர்களுக்குத் தனியாக ஒன்று. குவான்டைத்தான் உருட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், அது உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதால். மொத்த மதிப்பெண்ணில் மூன்று பகுதிக்கும் சம எடை. டேட்டா இன்சைட்ஸ் என்பது கடைசி வாரம் பார்த்துக்கொள்ளும் பகுதி அல்ல. அட்டவணை, வரைபடம், பல தாவல்களில் சிதறிக் கிடக்கும் தகவல், இவற்றை 20 கேள்விக்கு 45 நிமிடத்தில் படிக்கப் பழக்கம் வேண்டும். திரையில் கால்குலேட்டர் தருவதும் அந்தப் பகுதிக்கு மட்டும்தான். குவான்டுக்குக் கையால்தான் போட வேண்டும், ஆகவே வீட்டிலும் ஃபோனைத் தூர வையுங்கள்.

நேரம் பற்றிச் சுருக்கமாக. குவான்டில் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல், வெர்பலில் இரண்டுக்குச் சற்றுக் கீழே. மூன்று நிமிடம் தாண்டியும் வழி தெரியவில்லை என்றால் ஒன்றை அழுத்திவிட்டு நகருங்கள். கடைசிக் கேள்விகளை விடையில்லாமல் விட்டால் தண்டனை உண்டு, குத்துமதிப்பாகவாவது முடித்தே ஆக வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூன்று விடைகள் வரை மாற்றலாம், ஆனால் நேரம் மிச்சம் இருந்தால் மட்டுமே. திரும்பப் பார்க்கலாம் என்று எல்லாக் கேள்விக்கும் புக்மார்க் போட்டு வைத்துவிட்டு நேரமில்லாமல் நிற்பவர்கள் அதிகம். முதல் பத்துக் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதை நம்பி முதல் பத்துக்கு அரை மணி நேரத்தைக் கரைத்துவிட்டு, மீதி 11 கேள்வியை 15 நிமிடத்தில் போட முடியாது.

எட்டாவது வாரம் புதுப் பாடம் தொடாதீர்கள். கடைசி மாக் தேர்வுக்கு ஐந்து நாள் முன்பு, அதற்குப் பிறகு வேண்டாம். தேர்வு எந்த நேரத்தில் இருக்கிறதோ அதே நேரத்தில் அதை எழுதுங்கள். பதிவில் உள்ள பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று இன்றைக்கே பாருங்கள். இனிஷியல் இடம் மாறியதால் வாசலிலேயே தவித்த ஆளை எனக்குத் தெரியும். தேர்வுக்கு முந்தைய நாள் இரவு நோட்டில் உள்ள அந்த இருபது வரியைப் படித்துவிட்டுத் தூங்குங்கள்.

தயாராக இல்லையென்றால் தேதியைத் தள்ளிப் போடுவதில் அவமானம் ஏதும் இல்லை. தேதி நெருங்க நெருங்க மாற்றுக் கட்டணம் ஏறும், அதனால் தள்ளுவதாக இருந்தால் சீக்கிரம் முடிவெடுங்கள்.

அந்த மாணவியிடம் 13ஆவது மாக்கை எழுத வேண்டாம் என்று சொல்லி, கடைசி நான்கு மாக்குகளை மட்டும் எடுத்துத் தவறுகளைப் பிரிக்கச் சொன்னேன். ஐந்து நாள் எடுத்துக்கொண்டார். டேட்டா இன்சைட்ஸில் போனவற்றில் பாதிக்கு மேல் டேட்டா சஃபிஷியன்சி, அவற்றில் பெரும்பாலானவற்றில் முதல் கூற்றில் படித்ததை மறக்காமலேயே இரண்டாவது கூற்றைத் தனியாகச் சோதித்திருக்கிறார். பன்னிரண்டு மாக்கிலும் இதையேதான் செய்திருக்கிறார். தேர்வை இரண்டு வாரம் தள்ளி வைத்திருக்கிறார். இப்போது தினம் எட்டு டேட்டா சஃபிஷியன்சி கேள்விகள் மட்டும், முதல் கூற்றைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவதைப் படிக்கிறார்.