இசைத்தட்டைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன்

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு குடும்பத்தினர், பழைய ஒலிப்பதிவுகளை மீட்டெடுக்கும் என்னிடம் அண்மையில் வந்தார்கள். 1950களில் மேடைகளிலும் இசைத்தட்டுகளிலும் பாடிய தங்கள் பெரியப்பாவின் பாடல்களை மறுவெளியீடு செய்ய விரும்பினார்கள். கையில் ஒரு பென் டிரைவ் மட்டுமே இருந்தது. தட்டுகள் எங்கே என்று கேட்டதற்கு, எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டு பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டா முழுவதிலிருந்தும் இதே பதிலைக் கேட்டு மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

நகல் எடுத்துவிட்டால் தட்டு தேவையில்லை என்பது முற்றிலும் தவறான எண்ணம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டில் ஒலி பதிந்துள்ள பள்ளம், பின்னாளில் வந்த எல்.பி. (நீண்ட நேர) தட்டின் பள்ளத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமானது, எல்.பி.க்கு உரிய ஊசி அந்த அகன்ற பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியை உரசிக்கொண்டு போகும், பாட்டு பதிந்திருக்கும் சுவரைச் சரியாகத் தொடாது. பழைய இரும்பு ஊசிகள் எந்த உயரத்தில் தேய்த்திருக்கின்றனவோ அதற்குச் சற்று மேலோ கீழோ பதியும் ஊசியைத் தேர்ந்து ஓட்டினால், பாழானது என்று ஒதுக்கிய தட்டிலிருந்தும் குரல் தெளிவாக எழும். பள்ளத்தின் இரு சுவர்களையும் தனித்தனியே பதிந்து, சேதம் குறைந்த பக்கத்தை இடத்துக்கு இடம் எடுத்துக்கொள்ளவும் முடியும். போன் பதிவில் இருப்பதோ ஏதோ ஓர் ஊசியின் ஒலியும், அறையின் எதிரொலியும், மின்விசிறிச் சத்தமுமே. எந்த மென்பொருளாலும் அதிலிருந்து இழந்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

சுருதியும் அப்படித்தான். 78 சுழற்சியில் ஓட வேண்டிய தட்டு 82இல் ஓடினால் குரல் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். தட்டு இருந்தால் ஓட்டித் திருத்தலாம். இரைச்சலை நீக்குகிறேன் என்று செயலியில் போட்டுத் தேய்த்த நகலில் தம்புரா மறைந்து, கமகங்களின் முனை மழுங்கிவிடுகிறது. சற்றே இரைச்சலுடன் கேட்கும் உயிருள்ள குரலே எனக்கு மேலானது.

தட்டை வெளியிட்ட நிறுவனத்திடம் மூலப் பதிவு இருக்கும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். அரிய தட்டுகளின் மறுவெளியீடுகள் பல, சேகரிப்பாளர்களின் பிரதிகளிலிருந்தே உருவாகின்றன.

வெளிவராத பதிவுகளின் நிலை இன்னும் மோசம். கோயில் திருவிழாவிலும் கல்யாணக் கச்சேரியிலும் எடுத்த ஸ்பூல் டேப்புகள் (பெரிய சுருளில் சுற்றிய ஒலிநாடாக்கள்), ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் பரணில் கிடக்கின்றன. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பழைய நாடாவில் புளித்த காடி வாடை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பழைய கருவியில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், அறுந்துவிடும். (நாடாவில் கேட்கும் மின்சார இரைச்சல் எரிச்சலூட்டினாலும் அழிக்கச் சொல்லாதீர்கள், நம் மின்சாரத்துக்கு உரிய 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு, என்ற அந்த அளவை வைத்துத்தான் பல நேரங்களில் சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கிறோம்.)

தட்டுகளை ஸ்பிரிட்டாலோ சானிடைசராலோ ஒருபோதும் துடைக்காதீர்கள், அவை அரக்கைக் கரைத்துவிடும். வெயிலில் உலர்த்தாதீர்கள். படுக்க வைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். உடைந்திருந்தால் துண்டுகளை எறியாதீர்கள், சேர்த்து ஓட்ட வழியுண்டு. லேபிளையும் அதையொட்டிப் பொறித்திருக்கும் எண்ணையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாத்தியம் யார், எந்த ஊர்க் கச்சேரி என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதிவையுங்கள்.

உரிமை பற்றியும் ஒரு சொல். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமையோ அவர்கள் மறைந்த பின் 60 ஆண்டுகள். வெளிவராத பதிவுக்கு அந்தக் கணக்கே தொடங்கியிருக்காது. எனவே வாரிசுகள் எல்லோரிடமும், பதிவு செய்தவரிடமும் எழுத்தில் சம்மதம் பெறாமல் எதையும் இணையத்தில் ஏற்றாதீர்கள்.

பரணில் ஒரு பெட்டி இருக்கிறதென்றால், தயவுசெய்து துடைக்காமல், ஓட்டிப் பார்க்காமல், இருக்கிறபடியே கொண்டுவாருங்கள்.