தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்

தூத்துக்குடி மாவட்டத்தின் கடலோரச் சமவெளியில் வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ கிணறு வெட்டும்போதோ, பழங்காலத்தில் இறந்தவர்களை அடக்கம் செய்த பெரிய மண்பானையான முதுமக்கள் தாழி வெளிப்படுவது புதிதன்று. தகவல் கிடைத்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள், தாழிக்குள் இருந்த சிறு கலயங்களை யாரோ அக்கறையோடு கழுவித் திண்ணையில் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பழங்காலத் தாவர எச்சங்களை ஆராயும் நான் தேடிச் சென்றதோ, அந்தக் கலயங்களிலிருந்து வாய்க்காலில் கொட்டப்பட்ட மண்ணை.

இதே மாவட்டத்தின் ஆதிச்சநல்லூர் தாழிக்காட்டில் 1899 முதல் 1905 வரை அகழாய்வு செய்த தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ, கலயங்களில் நெல், சிறுதானியம் ஆகியவற்றின் உமி இருந்ததைக் குறித்திருக்கிறார். ஆனால் மக்கள் நினைவில் நின்றவை பொன் நெற்றிப்பட்டங்களும் இரும்பு வாள்களுமே. உமியின் வயதைக் கணிக்கும் கரிமக் காலக்கணிப்பு முறையும் அன்று இல்லை. பின்னர் இதே மாவட்டத்தின் சிவகளையில் ஒரு தாழியின் உள்ளிருந்த மண்ணோடு கிடைத்த நெல்லை ஆய்வகத்துக்கு அனுப்பியபோது, அதன் காலம் கி.மு. 1155 என்று தெரியவந்தது; 2021 செப்டம்பரில் அது சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அந்தத் தாழியை யாரேனும் முன்பே கழுவியிருந்தால் தாமிரபரணிக் கரையின் 3,200 ஆண்டு நெல் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

மரக்கரியைவிடத் தானியத்தை நாங்கள் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் உண்டு. முதிர்ந்த மரத்தின் உட்பகுதி, மரம் வெட்டப்படுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே வளர்ந்ததாக இருக்கலாம் என்பதால் அதன் கரி காலத்தை உண்மையைவிடப் பழையதாகக் காட்டக்கூடும். நெல்லோ ஒரே பருவத்தில் விளைந்து முடிவது. நெருப்பில் கரிந்த மணியை நுண்ணுயிர்கள் அழிப்பதில்லை. உமியில் சிலிக்கா மிகுந்திருப்பதால் அதன் நுண்துகள்கள் மண்ணில் நெடுங்காலம் தங்குகின்றன. மணி காம்போடு இணைந்திருந்த இடத்தின் தழும்பை உருப்பெருக்கியில் பார்த்தால், தானாக உதிர்ந்த காட்டு நெல்லுக்கு வழுவழுப்பான தழும்பும், கதிரடித்துப் பிரித்த பயிர் நெல்லுக்குப் பிய்ந்த தழும்பும் இருக்கும்.

அதற்காகத் தாழியில் நெல் கிடைத்ததாலேயே ஊரெல்லாம் நெற்பயிர் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். அது இறந்தவருக்குப் படைத்த நெல்லாக இருக்கலாம். அன்றாடம் எதை விதைத்தார்கள், எதை உண்டார்கள் என்பதை வாழ்விடத்தின் அடுப்புச் சாம்பலும் குப்பைக் குழிகளுமே சொல்லும். உடன் கிடைக்கும் களைவிதைகளைக் கொண்டு, வயல் நீர் தேங்கி நின்றதா, மானாவாரியா என்பதைக்கூட ஓரளவு அறியலாம். இறந்தவர்களை உழவுக்கு ஏற்காத கரட்டு நிலமான பரம்பில் அடக்கம் செய்த அந்த மக்கள், விளைநிலத்தின் அருமையை அறிந்தே அவ்வாறு செய்தார்கள் என்பது என் எண்ணம். ஆகவே பரம்பைச் சுற்றியுள்ள வாழ்விட மேடுகளில் சரளும் மண்ணும் அள்ளப்படுவதைப் பார்க்கும்போது, தாழி உடைந்ததைக் கேட்பதைவிட எனக்கு அதிகம் வலிக்கிறது.

எங்கள் வேலைமுறை எளிது. மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கரிந்த விதைகள் மேலே மிதக்கும். அவற்றை நுண்ணிய சல்லடையில் பிடித்து நிழலில் உலர்த்துகிறோம். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். காலக்கணிப்புக்குச் சில மில்லிகிராம் போதும், ஆனால் அது எந்த அடுக்கில், எந்தக் கலயத்தில் இருந்தது என்பது உறுதியாகத் தெரிய வேண்டும்.

எனவே உங்கள் நிலத்தில் தாழியின் வாய் தென்பட்டால் மண்வெட்டியை நிறுத்திவிடுங்கள். உள்ளே கைவிட்டுத் துழாவ வேண்டாம். இருந்தபடியே படம் எடுத்து, தோண்டிய அதே மண்ணால் தளர்வாக மூடி, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ தெரிவியுங்கள். ஏற்கெனவே கலயத்தை வெளியே எடுத்துவிட்டீர்கள் என்றால் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஒரு பிடி மண்ணைச் சுரண்டாமல் அப்படியே நிழலில் வைத்திருங்கள்.