அனிமேஷன், அசைவூட்டம்: கையால் வரைந்த படத்துக்கு ஒரு பெயர்

பூனை எலியைத் துரத்தும் அதே காட்சியைப் பார்த்து என் பாட்டி ‘பொம்மைப் படம்’ என்பார், அப்பா ‘கார்ட்டூன்’ என்பார், நான் ‘அனிமேஷன்’ என்பேன். மூன்றுக்கும் ஒரே பொருள்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மூன்றும் வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்த சொற்கள். அவற்றில் எதுவுமே, ஒவ்வொரு படமாகக் கையால் வரைந்து எடுக்கும் திரைப்படத்தைத் தனியாகப் பிரித்துச் சொல்வதில்லை. பெரிய அமெரிக்க ஸ்டுடியோக்கள் அந்தக் கலையை அநேகமாகக் கைவிட்டுவிட்ட இந்த நேரத்தில், அதற்கென்று தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

‘அனிமேஷன்’ லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அனிமா என்றால் அங்கே மூச்சு, உயிர். அனிமாரே என்றால் உயிர் கொடுத்தல். விலங்கைக் குறிக்கும் ‘அனிமல்’ என்ற சொல்லும் இதே குடும்பம்தான்: மூச்சு உடையது என்று பொருள். சமஸ்கிருதத்தில் மூச்சுவிடுதலைக் குறிக்கும் ‘அன்’ என்ற வினைவேரும் இந்த அனிமாவும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. நாம் அன்றாடம் சொல்லும் பிராணன் என்ற சொல்லுக்குள் அந்த ‘அன்’ இருக்கிறது. பிராணனை உடையது பிராணி. அனிமாவை உடையது அனிமல். இந்த இணையை முதலில் கவனித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

தமிழின் ‘உயிர்’ வேறு வேர். ஆனால் எண்ணம் அதேதான். உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். பெருமூச்சுக்கு நெட்டுயிர்ப்பு என்று பெயர். எழுத்தைக்கூட நம் இலக்கணம் உயிர், மெய் என்று பிரித்தது. ‘மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்’ என்கிறது தொல்காப்பியம். மெய்யெழுத்து தானாக இயங்காது, அகரம் வந்து சேர வேண்டும். காகிதத்தில் வரைந்த ஒற்றை முயலையும் அப்படித்தான் பார்க்கிறேன். அது மெய். அடுத்த தாளில் அதே முயலின் காது ஒரு நூலளவு தள்ளி இருந்து, இரண்டு தாளையும் விரலால் புரட்டும்போது உயிர் வந்து சேர்கிறது.

இந்தச் சொல் சினிமாவுக்குள் வந்த கதையும் சுவையானது. தொடக்கத்தில் அது வரைந்த படத்துக்கு மட்டும் உரியதாக இல்லை. 1890களில் சினிமா புதிதாக வந்தபோது, மனிதர்களைப் படம்பிடித்த சாதாரணச் சலனப்படத்தையே ஆங்கிலத்தில் ‘அனிமேட்டட் பிக்சர்ஸ்’ என்றார்கள். ராபர்ட் பால் 1896இல் லண்டன் அல்ஹாம்ப்ரா அரங்கில் காட்டிய கருவியின் பெயரே ‘அனிமேட்டோகிராஃப்’. அசையாத புகைப்படம் அசைவதே அன்று உயிர் கொடுத்ததாகத் தோன்றியது. அந்த வியப்பு பழகிப்போன பிறகுதான் சொல் மெல்ல நகர்ந்து, வரைந்தும் பொம்மை வைத்தும் எடுக்கும் படங்களிடம் போய் ஒதுங்கியது. இத்தனைக்கும் வரைந்த படங்கள் சினிமாவுக்கு மூத்தவை. எமில் ரேனோ என்ற பிரெஞ்சுக்காரர் 1892 அக்டோபரிலேயே பாரிஸ் க்ரெவின் அருங்காட்சியகத்தில், நீண்ட பட்டையில் கையால் தீட்டிய படங்களைத் திரையில் ஓடவிட்டுக் காட்டினார். திரையில் சினிமா காட்டிய லூமியேர் சகோதரர்களுக்கு மூன்று ஆண்டு முந்தி.

சரி, கார்ட்டூன்? அது இத்தாலியச் சொல். கார்த்தோனே என்றால் தடித்த தாள். சுவரோவியம் தீட்டுமுன் அந்தத் தாளில் முழு அளவு முன்மாதிரி வரைவார்கள். 1843இல் லண்டனின் ‘பஞ்ச்’ இதழ் அந்தச் சொல்லை எடுத்துக் கேலிப் படத்துக்கு வைத்தது. பத்திரிகைக் கேலிப்படத்திலிருந்து அது திரைக்குத் தாவியது. கேலிச்சித்திரம் என்ற தமிழ்ச் சொல் பத்திரிகைக் கார்ட்டூனுக்கு மிகச் சரி. பாரதியின் ‘இந்தியா’ இதழில் வந்தவை கேலிச்சித்திரங்கள். ஆனால் கண்ணீர் வரவழைக்கும் இரண்டு மணி நேரப் படத்தைக் கேலிச்சித்திரம் என்று அகராதி மொழிபெயர்க்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. பொம்மைப் படம் என்பதில் அன்பு இருக்கிறது, ஆனால் அது குழந்தைகளுக்கானது என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது.

அந்த வேலையைக் கொஞ்சம் பார்த்தால்தான் சரியான பெயர் அகப்படும். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) ஓடுகிறது. ஒரு சித்திரத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினால், விநாடிக்கு 12 சித்திரம் போதும். ஒன்றரை மணி நேரப் படத்தில் ஒரே ஒரு பாத்திரம் விடாமல் அசைந்துகொண்டிருப்பதாக வைத்துக்கொண்டால்கூட 64,800 சித்திரம். இரண்டு பேர் பேசினால், பின்னால் ஒரு நாய் ஓடினால், கணக்கு ஏறிக்கொண்டே போகும். முதன்மை ஓவியர் அசைவின் முக்கிய நிலைகளை வரைவார்: கை ஓங்கியது, கை இறங்கியது. நடுவில் வரவேண்டிய நிலைகளை இடைச்சித்திரம் வரைபவர் நிரப்புவார். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் தாள்களை அடுக்கி, ஓரத்துத் துளைகளை முளையில் மாட்டி, விரலிடுக்கில் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வரைவார்கள். அப்புறம் இன்னொருவர் கோட்டைச் சுத்தம் செய்வார். 1914இல் அமெரிக்காவில் எர்ல் ஹர்ட் காப்புரிமை கேட்ட முறைப்படி, பாத்திரத்தைக் கண்ணாடிபோன்ற செல்லுலாய்டு தகட்டில் பிரதியெடுத்து, அசையாத பின்னணியின் மேல் வைத்துப் படம்பிடிப்பார்கள். ‘செல்’ என்று தொழிலில் சொல்வது அந்தத் தகட்டைத்தான்.

இந்தச் சங்கிலியில் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 1961இல் வந்த நூற்றொரு டால்மேஷியன் நாய்களின் கதையில் டிஸ்னி நிறுவனம் பென்சில் கோட்டை ஜெராக்ஸ் முறையில் நேரடியாகத் தகட்டில் ஏற்றியது. அதுவரை கையால் மை தீட்டிய ஏராளமான பெண்களின் வேலை அத்தோடு போயிற்று. 1990இல் வண்ணம் தீட்டுவதும் கணினிக்கு மாறியது; தகடே இல்லாமல் போனது. ஆனால் அசைவை வரைந்தது அப்போதும் கைதான். 1994இன் ‘லயன் கிங்’ வரை அந்தக் கை உச்சத்தில் இருந்தது. 1995இல் ‘டாய் ஸ்டோரி’ வந்தது. முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படம்.

அடுத்த பத்தாண்டில் நடந்ததை ‘மக்கள் பென்சில் படத்தை வெறுத்துவிட்டார்கள்’ என்றே பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2002ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்னி சுமார் 14 கோடி டாலர் செலவழித்த ‘ட்ரெஷர் பிளானட்’ உலகம் முழுக்க ஓடியும் போட்ட பணத்தை எடுக்கவில்லை. அதே ஆண்டு, அதே நிறுவனம், அதே பென்சில்: ‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்’ சுமார் 8 கோடியில் எடுக்கப்பட்டு 27 கோடிக்கு மேல் வசூலித்தது. நீர்வண்ணப் பின்னணியோடு அதை வரைந்தது ஓர்லாண்டோ ஸ்டுடியோ. 2004 ஜனவரியில் அந்த ஸ்டுடியோவையும் மூடினார்கள். தோற்ற படத்தின் பழி பென்சிலின் மேல் விழுந்தது, வென்ற படத்தின் புகழ் பென்சிலுக்குப் போகவில்லை.

மீண்டும் ஒருமுறை முயன்றார்கள். 2009இல் ‘பிரின்சஸ் அண்ட் த ஃப்ராக்’. அமெரிக்காவெங்கும் வெளியான அடுத்த வாரமே ‘அவதார்’ வந்தது. அப்படியும் 26 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. எதிர்பார்த்தது அதைவிட அதிகம் என்பதால் அதைத் தோல்வி என்று எழுதினார்கள். 2011இல் ‘வின்னி த பூ’. அமெரிக்காவில் அது வெளியான அதே நாளில் ஹாரி பாட்டரின் கடைசிப் படமும் வந்தது. ஒரு கரடிப் பொம்மையின் ஒரு மணி நேரக் கதையை அந்த நாளில் இறக்கியது யார் முடிவு? பென்சிலின் முடிவா? 2013 மார்ச்சில், கையால் வரையும் முழுநீளப் படம் எதுவும் தயாரிப்பில் இல்லை என்று நிறுவனத்தின் தலைவர் பங்குதாரர்களிடம் சொன்னார். அடுத்த மாதம் மூத்த ஓவியர்கள் பலர் வேலை இழந்தார்கள்.

கணினிப் படம் மலிவு என்பதும் பொருந்தாத காரணம். அவற்றில் பல, கைப்படங்களைவிட அதிகம் செலவு பிடித்தவை. உண்மையான வசதி வேறு. கணினியில் ஒருமுறை செதுக்கிய உருவத்தை அடுத்த பாகத்துக்கும் விளையாட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம். கேமரா கோணத்தை இயக்குநர் கடைசி நேரத்தில் மாற்றலாம். கைப்படத்தில் கோணம் மாறினால் அத்தனை தாளையும் திரும்ப வரைய வேண்டும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். தமிழில் அனிமேஷனுக்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன. ‘உயிரூட்டம்’ லத்தீன் பொருளுக்கு மிக நெருக்கம். ஆனால் ‘பாத்திரத்துக்கு உயிரூட்டினார்’ என்று எந்த நடிகரைப் பற்றியும் எழுதுகிறோம். கலைச்சொல்லாக அது நிற்காது. ‘இயங்குபடம்’ அழகான வினைத்தொகை. ஆனால் இயங்கு என்பது தன்வினை. படம் தானே இயங்குகிறது. இயக்கியவர் அந்தச் சொல்லில் இல்லை. ‘அசைவூட்டம்’ என்பதில் அவர் இருக்கிறார். உண் என்பதன் பிறவினை ஊட்டு. சோறூட்டுவது, பாலூட்டுவது, நினைவூட்டுவது எல்லாவற்றிலும் ஊட்டுகிற ஒருவர் உண்டு. தாளில் கிடக்கும் உருவத்துக்கு அசைவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுகிறவர் அசைவூட்டுநர். என் ஓட்டு இதற்குத்தான்.

கையால் வரைவதை எப்படிப் பிரித்துச் சொல்வது? விசைத்தறி வரும்வரை தறிக்கு அடைமொழி தேவைப்படவில்லை. வந்த பிறகு பழைய தறி கைத்தறி ஆயிற்று. ஆங்கிலத்திலும் ‘கையால் வரைந்த’ என்ற அடைமொழி இன்றியமையாததானது கணினிப் படம் வந்த பிறகே. ‘கைவரை’ என்று சுருக்கினால் ‘கை வரைக்கும்’ என்று படிக்க நேரும். ‘வரைவு’ என்றால் இன்று சட்ட வரைவுதான் நினைவுக்கு வருகிறது. ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று ஔவையின் பாட்டிலேயே சித்திரம், கை என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து கிடக்கின்றன. கைச்சித்திர அசைவூட்டம் என்று சொல்லிப் பாருங்கள். பிரெஞ்சில் இதற்கு ‘தெசான் அனிமே’, உயிர்பெற்ற சித்திரம் என்றே பெயர். ஜப்பானிய ஸ்டுடியோக்களில் முதன்மைச் சித்திரம் ‘கெங்கா’, இடைச்சித்திரம் ‘தோகா’. தோகா என்றால் நேர்பொருளில் அசையும் சித்திரம்.

ஒரு தெளிவு வேண்டும். கைச்சித்திரம் என்றால் காகிதம் என்று பொருளல்ல. 2019இல் மாட்ரிட்டில் உருவான ‘கிளவுஸ்’ படத்தைக் கணினியோடு இணைந்த திரைப்பலகையில் வரைந்தார்கள். ஒளியும் நிழலும் உருவத்தோடு நகர மென்பொருள் உதவியது. ஆனால் ஒவ்வொரு நிலையையும் முடிவுசெய்தது ஒரு கை. அயர்லாந்தின் கில்கென்னியில் உருவான ‘உல்ஃப்வாக்கர்ஸ்’ 2020இல் வந்தது. அதில் ஓவியரின் கரட்டுப் பென்சில் கோடுகளை அழிக்காமலே விட்டிருக்கிறார்கள். ஓநாய் ஓடும்போது அந்தக் கோடுகளும் துடிக்கின்றன.

ஜப்பானில் இந்தக் கலை நலிந்ததாக யாரும் சொல்ல முடியாது. அங்கே வசூலில் முன்னணியில் நிற்கும் படங்களில் பல கைச்சித்திரத்தை அடிப்படையாகக் கொண்டவைதான். சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கரை வென்ற கைச்சித்திரப் படங்கள் இரண்டே இரண்டு: 2003 விழாவில் ‘ஸ்பிரிட்டட் அவே’, 2024 விழாவில் ‘த பாய் அண்ட் த ஹெரான்’. இரண்டும் ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாக்கியின் படங்கள். 2016இல் சில இளைஞர்கள் ஓர் உருவத்துக்குத் தானாக நகரக் கற்றுக்கொடுத்த மென்பொருளை அவரிடம் காட்டினார்கள். வலியே தெரியாமல் தலையை ஊன்றித் தரையில் இழுபட்டு நகரும் ஓர் உருவம். இது உயிரையே அவமதிப்பது என்றார் அவர். அங்கே அசைவு இருந்தது. ஊட்டியவர் இல்லை.

எதிர்காலத்தைப் பற்றி எனக்குள்ள கவலையும் அங்கேதான். இடைச்சித்திரங்களைத் தானாக நிரப்பும் மென்பொருள்கள் வந்துகொண்டிருக்கின்றன. இடைச்சித்திரம் கூலி குறைந்த, கண்ணைக் கெடுக்கும் வேலை, எளிதானால் நல்லதுதான். ஆனால் நாளைய முதன்மை ஓவியர் இன்று இடைச்சித்திரத்தில்தான் பழகுகிறார். கைப்பழக்கத்துக்கு அந்த மேசையைத் தவிர வேறு பள்ளி பெரும்பாலும் இருந்ததில்லை. டிஸ்னி 2021இல் கைச்சித்திரப் பயிற்சியாளர்களைத் தேடி அறிவிப்பு வெளியிட்டபோது, சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கும்போதே செய்தார்களே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

நமக்கும் இதில் ஒரு கண்ணி உண்டு. யூகோ சாகோ, ராம் மோகன் ஆகியோரின் முயற்சியில் ஜப்பானிய, இந்தியக் கலைஞர்கள் சேர்ந்து 1992இல் முடித்த ராமாயணப் படம், செல் தகடுகளில் கையால் வரைந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து, 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடும் நம் திரையரங்குகளுக்கு வந்தது. அதை ‘பழைய கார்ட்டூன்’ என்று கடந்துபோனவர்கள் இருக்கிறார்கள். அது கைச்சித்திர அசைவூட்டப் படம். அனுமன் கடல் தாண்டும்போது அவன் வால் வளைவதை ஒவ்வொரு நிலையாக ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.